ஏழாம் எண்ணின் இடம்

சென்ற மாதம் ஒரு பிற்பகலில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் பணிக்கு வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். பள்ளியின் பழைய ஆட்டப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும்படி உத்தரவாம். என் கையெழுத்தில் உள்ள சாஃப்ட்பால் ஏடுகளை அவரே உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். மற்ற ஆண்டுகளில் ஐயமில்லை. நாங்கள் மண்டலப் பட்டம் வென்ற ஆண்டின் நான்கு தாள்களில்தான் அவருக்கு இரண்டு கேள்விகள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இந்த நாலு மேட்ச்லயும் இடப்பக்கம் பந்து போனதாவே குறிப்பு இல்ல. கடைசி மேட்ச்ல, கடைசியா ஒரே ஒரு கோடு. அந்தக் கட்டத்துல ஏதோ எழுதி அழிச்ச தடமும் இருக்கு. எழுத விட்டுப்போச்சா?"

விட்டுப்போகவில்லை என்று மட்டும் அன்று சொன்னேன். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடியது அல்ல அது. எழுதி அனுப்புவதாக வாக்களித்தேன்; அந்த எழுத்து இதுதான்.

நான் காலடிப்பேட்டையில் வளர்ந்தவள். தெற்கிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்த குடும்பம். வீட்டில் எல்லாரும் கடைக்குள் நிற்க, நான் மட்டும் ஓடப் போனேன். கல்லூரி, உடற்கல்விப் பயிற்சி, வேறு ஊர்களில் சில ஆண்டுகள், பிறகு திருவொற்றியூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. அங்கேயே ஓய்வு வரை. சாஃப்ட்பாலை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு நாள் அரசு அனுப்பிய விளையாட்டுப் பெட்டியைத் திறந்தோம். மட்டைகளும் தோல் கையுறைகளும் இருந்தன. விதிப் புத்தகம் ஒன்றும் இருந்தது. வைத்துப் பூட்ட மனமில்லாமல் நானும் பிள்ளைகளும் சேர்ந்தே படித்துக் கற்றுக்கொண்டோம்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. களத்தில் ஒன்பது பேர். பிட்சர் தோளுக்குக் கீழாகப் பந்தை வீசுவாள். கேட்சர் மட்டைக்காரியின் பின்னால் குந்தியிருந்து பிடிப்பாள். அடித்தவள் நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பதிவேட்டில் ஆளின் பெயரை எழுதுவதில்லை, இடத்தின் எண்ணை எழுதுகிறோம். முதல் தளத்தில் நிற்பவள் மூன்று. இடப்புற வெளிக்களத்தில் நிற்பவள் ஏழு, நடுவில் நிற்பவள் எட்டு. உயர்ந்து வந்த பந்தை ஏழாம் எண் தரையில் விழாமல் பிடித்துவிட்டால், கட்டத்தில் '7' என்று எழுதி வட்டமிட்டால் போதும்.

இதற்கு மேல் எனக்கென்று ஒரு முறை இருந்தது. எதிரணியின் ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் சிறு விசிறி ஒன்றை வரைந்து, பந்து போய் விழுந்த திசைக்கு ஒரு கோடு இழுப்பேன். கண் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், மனம் நினைத்ததை எழுதக்கூடாது என்று பயிற்சிக் காலத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய அப்படியே செய்தேன். ஓர் ஆட்டம் முடிந்ததும் தாளைப் பார்த்தால் கோடுகள் விசிறி முழுவதும் பரவியிருக்கும். வலக்கைக்காரி ஓங்கி அடித்தால் பந்து இடப்புறம் போவதுதான் இயல்பு. ஆகவே அந்தப் பக்கம் எப்போதும் சற்றுக் கருத்தே இருக்கும்.

எனினும் அந்த ஆண்டு என் அணியில் மிக மோசமாகப் பந்து பிடிக்கிறவளை நான் அங்கேதான் நிறுத்தியிருந்தேன். அவள் பெயர் கஸ்தூரி. ஒன்பதாம் வகுப்பு. முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பத்துப் பெண். அவளுடைய அக்கா மகேஸ்வரிதான் எங்கள் பிட்சர், பத்தாம் வகுப்பு. அக்காவை விட்டு நிற்க மாட்டேன் என்று அழுது அணிக்குள் வந்தவள் கஸ்தூரி. கால் வேகம் உண்டு. பந்துக்கு அடியில் போய்ச் சரியாக நின்றுவிடுவாள். பந்து உயரும்போதே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு "என்து, என்து" என்று குப்பத்துக்கே கேட்கும்படி கத்துவாள். பிறகு விட்டுவிடுவாள். கேட்சர் நசீமா அவளை விடவே மாட்டாள்.

"இவ கத்துற கத்துல பந்துக்கே பேஜாராயி கீய வுய்ந்துடுது மிஸ். இவ வாய்க்கு ஒரு கிளவுசு வாங்கிப் போடுங்க."

"நீ மொதல்ல உன் மூஞ்சிக் கூண்ட மாட்டிக்கினு குந்துடி," என்பாள் கஸ்தூரி. அடுத்த பந்தையும் விடுவாள்.

மண்டலப் போட்டிகளுக்கு மூன்று வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் தாய் அமுதாவுடன் கழிமுகத்துக்குப் போனாள். அங்கே பெண்கள் இடுப்பளவு நீரில் நடந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். தூர் வாரிய இடங்களில் அடித்தரை திடீரென்று இல்லாமல் போகும். தாய் முன்னால் நடந்தாள், மகள் பின்னால். வாயில் கூடை இருந்ததால் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அமுதா திரும்பிப் பார்த்தபோது கூடை மட்டும் முகத்துவாரத்தை நோக்கி மிதந்து போய்க்கொண்டிருந்தது.

மூன்று நாள் படகுகள் தேடின. கரைக்கு எதுவும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மகேஸ் பயிற்சிக்கு வந்தாள். நான் அவளை வரச் சொல்லவில்லை. தன் இடத்தில் போய் நின்று பந்து கேட்டாள். மாற்று ஆட்டக்காரி ஜோதியை நான் இடப்புறக் களத்துக்கு அனுப்பினேன். மகேஸ் பந்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு வீசாமல் நின்றாள்.

அவர்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டென்று அன்றுதான் அறிந்தேன். ஒருவரைத் தண்ணீர் கொண்டுபோய், உடலும் திரும்பாவிட்டால், படகில் அவர் உட்காரும் இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பதில்லை. வீட்டார் வாய் திறந்து சொல்லும் வரை ஓர் ஆள் குறைவாகவே படகு போகும். அந்த இடத்தில் ஆள் உட்கார்ந்துவிட்டால், போனவர் போனவர்தான் என்று ஊர் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"அது படகுக்கு, மகேஸ்," என்றேன். எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாகத்தான் சொன்னேன்.

"பொம்பளைக்கு போட்ல ஏது மிஸ் எடம்? அவ எடம் இங்கதான் கீது."

ஜோதி தானாகவே களத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

தலைமையாசிரியையிடம் போனேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தக் காகிதத்தையும் அவர் இரண்டு முறை படிப்பார். மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை. படிக்கும்போது பச்சை மைப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருப்பார். பேச வேண்டுமென்றால் மூடியைப் போட்டுவிட்டுத்தான் பேசுவார். மூடி போட்டால் கையொப்பம் இல்லை என்று ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். போட்டிக்கான பெயர்ப் பட்டியலை அவர் முன் வைத்தேன். புகைப்படங்களோடு பன்னிரண்டு பேர். கஸ்தூரியின் பெயரை அடித்துச் சுருக்கொப்பம் இட்டால் வேறொருத்தியைச் சேர்க்கலாம் என்றேன். மேலிருந்து படித்தார், கீழிருந்து படித்தார், மூடியைப் போட்டார்.

"போலீஸ் பேப்பர்ல காணவில்லைன்னுதானே எழுதியிருக்கு டீச்சர்? நாளைக்கே வந்து நின்னு, என் பேரை அடிச்சது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது? வீட்லேர்ந்து எழுத்து வரட்டும். அன்னிக்கு அடிக்கிறேன்."

அமுதாவிடம் அந்த எழுத்தைக் கேட்க என்னால் முடியவில்லை. ஒரு முறை அவர்கள் வீட்டு வாசல் வரை போய், அவர் வலை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் திரும்பினேன்.

அந்தப் போட்டிகளின் விதிப்படி எட்டுப் பேர் இருந்தால் ஆடலாம். ஒன்பதாவது ஆளின் மட்டை முறை வரும்போதெல்லாம் ஓர் அவுட் கொடுத்துவிட வேண்டும். ஆள் இருந்தும் எட்டுப் பேராக ஆடுவது அறிவுடைமை அல்ல. இடப்புறத்தைத் திறந்து போட்டுவிட்டு ஆடுவது அதைவிடவும் அல்ல. பிள்ளைகளைக் கூட்டி வைத்து இதை விளக்கினேன். எல்லாம் புரிந்தது போலத் தலையாட்டினார்கள். பிறகு நடுக்களத்தில் நிற்கும் ஸ்டெல்லா, எட்டுப் பேராகவே ஆடுவோம் மிஸ் என்றாள். முதல் ஆட்டத்தில் தோற்று வீட்டுக்குப் போவோம், அதோடு இந்த நோவு முடியும் என்று எண்ணி நானும் இசைந்தேன். ஆசிரியையாக நான் செய்த பிழை அது. அவர்களுக்கு இசைந்ததில் பிழை இல்லை. தோற்கட்டும் என்று உள்ளுக்குள் எண்ணியதுதான் பிழை.

முதல் ஆட்டத்தில் வென்றோம். எதிரணி மட்டைக்காரிகள் வரும்போதெல்லாம் அவர்களுடைய பயிற்சியாளர் இடப்புறத்தைக் கைநீட்டிக் காட்டினார். காட்டாமலே தெரியும், அவ்வளவு பெரிய வெளி. அங்கே அடிக்க வேண்டும் என்று முறுக்கிக்கொண்டே அடித்தார்கள். பந்து வலப்புறம் போயிற்று, நடுவில் போயிற்று, மகேஸின் காலடியிலேயே விழுந்தது. அன்று மாலை தாளைப் பார்த்தபோது விசிறியின் இடப்பக்கம் வெள்ளையாக இருந்தது. மகேஸ் மட்டைக்காரியை விட்டு விலகி வெளிப்பக்கமாக வீசியிருப்பாள், அதனால் மட்டை பிந்தி வலப்புறம் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு நல்ல பிட்சருக்கு அது முடியும்.

இரண்டாம் ஆட்டத்தில் எதிரணியில் இடக்கைக்காரிகள் இருவர் இருந்தார்கள். வெளிப்பக்கமாக வீசினால் அவர்களுடைய அடி இடப்புறம்தான் போக வேண்டும். என் விளக்கத்தை அந்தப் பெண்கள் இருவரும் அன்று பொய்யாக்கினார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே தவறி விழும் பந்துகள்கூட அந்தப் பக்கம் விழவில்லை. ஊர் வேறு, களம் வேறு, காற்றின் திசையும் வேறு. அதே வெள்ளை.

அரையிறுதிக்கு முன், விளக்கம் கிடைக்காத ஒருத்தி செய்வதைத்தான் நானும் செய்தேன், கண்டிப்பைக் காட்டினேன். மகேஸ் வருவதற்கு முன்பே ஜோதியை அழைத்துக்கொண்டு களத்துக்குப் போய், அவளை இடப்புறத்தில் நிறுத்தி, நானே மட்டையால் பந்துகளை உயர்த்தி அடித்தேன். நல்ல வெயில். நான்கு பந்துகளைப் பிடித்தாள். ஐந்தாவது உயரும்போது அவள் இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். பந்து அவள் முதலில் நின்ற இடத்திலேயே வந்து விழுந்தது. அடுத்த பந்துக்கும் அப்படியே நகர்ந்தாள். ஏன் விலகுகிறாய் என்று கேட்டேன்.

"தெர்ல மிஸ்," என்றாள். அவள் பயந்தவள் போலத் தோன்றவில்லை. கூச்சப்படுகிறவள் போலத்தான் தோன்றினாள். "க்யூல நிக்கிறப்ப பின்னாடி ஆளு வந்தா தள்ளி நிப்போம்ல? அந்த மாதிரி கீது."

அதற்குப் பிறகு நான் யாரையும் அங்கே அனுப்பவில்லை. அரையிறுதியிலும் வென்றோம். மூன்றாம் தாளும் அந்தப் பக்கம் வெள்ளையாகவே முடிந்தது. அதை நான் யாரிடமும் காட்டவில்லை.

இறுதிப்போட்டி எங்கள் பக்கத்திலேயே, எண்ணூரில், ஒரு தொழிற்சாலையின் பழைய மைதானத்தில் நடந்தது. இடப்புறக் களத்தைத் தாண்டி வேலியில்லை. சாம்பல் படிந்த கருவேலம் புதர்கள். அவற்றுக்கு அப்பால் கழிமுகத்து நீர். அன்று காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் மெல்லிய படலமாக இறங்கி, புல்லும் கோடும் ஒரே நிறமாகிவிட்டன. சுண்ணாம்புக் கோட்டை நடுவர் இரண்டு முறை திரும்பப் போடச் சொன்னார். குப்பத்திலிருந்து ஆண்களும் பெண்களுமாகச் சிலர் வந்திருந்தார்கள். அமுதா வரவில்லை. வந்தவர்கள் நிழல் இருந்த இடப்புற ஓரத்தில் உட்காராமல், எதிர்ப்பக்கம் வெயிலில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எதிரணி மேற்கே கடலை விட்டுத் தள்ளியிருந்த பகுதியிலிருந்து வந்த ஒரு பள்ளி. எங்களைப் பற்றி எதுவும் அறியாதவர்கள். ஏழாம் சுற்று, அதாவது கடைசிச் சுற்று. நாங்கள் மூன்று ஓட்டம், அவர்கள் இரண்டு. இருவர் அவுட். இரண்டாம் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் அவர்களுடைய ஆட்கள் ஓடத் தயாராக நிற்கிறார்கள். இன்னும் ஓர் அவுட் எடுத்தால் பட்டம் எங்களுக்கு. ஒரு நல்ல அடி விழுந்தால் அவர்களுக்கு. மட்டைக்கு வந்தவள் உயரமான வலக்கைக்காரி. மகேஸ் வீசிய மூன்றாவது பந்தை அவள் முழு உடம்போடு திருப்பி அடித்தாள்.

அந்த நான்கு ஆட்டங்களில் முதல் முறையாகப் பந்து இடப்புறம் போயிற்று.

மிக உயரமாகப் போயிற்று. மகேஸ் திரும்பிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தளங்களில் இருந்த இருவரும் ஓடிக் கடைசித் தளத்தைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் தரப்பில் கூச்சல் எழுந்தது. ஆனால் பந்தை அடித்தவள் முதல் தளத்துக்குப் பாதி தூரத்தில் நின்றுவிட்டாள். இடப்புறத்தை ஒரு கணம் பார்த்தாள். பிடிபட்டுவிட்டோம் என்று தெரிந்த மட்டைக்காரிகள் செய்வது போலத் தலையைக் கவிழ்த்து, ஓட்டப் பாதையை விட்டு இறங்கி, தன் அணி இருந்த பக்கம் நடக்கத் தொடங்கினாள். ஓடு, ஓடு என்று அவளுடைய தோழிகள் கத்தினார்கள். அதற்குள் ஸ்டெல்லா நடுக்களத்திலிருந்து ஓடிப்போய், சாம்பலில் கிடந்த பந்தை எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தாள். மூன்றாம் அவுட். அடித்தவள் முதல் தளத்தைத் தொடாததால் அந்த இரண்டு ஓட்டங்களும் செல்லாது என்று நடுவர் கையை அசைத்தார்.

எங்கள் பிள்ளைகள் உடனே கத்தவில்லை. எல்லாரும் இடப்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளி, புதர், நீர். வேறொன்றும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் வரிசையாக வந்து கைகுலுக்குவது முறை. அந்த உயரமான பெண் வரிசையின் கடைசி வரை வந்தாள். அழுதிருந்தாள். எங்கள் எட்டுப் பேரையும் தாண்டி வந்து என்னிடம் நின்றாள்.

"உங்க லெஃப்ட் ஃபீல்டர் எங்க மிஸ்? கை குடுக்கலாம்னு பார்த்தேன்."

அங்கே யாரும் ஆடவில்லை என்றேன். அவள் என்னைக் குழப்பத்தோடு பார்த்தாள். கேலி செய்கிறேன் என்று எண்ணியிருக்க வேண்டும்.

"இல்ல மிஸ், அந்தப் பொண்ணுதானே புடிச்சுது? ரெண்டு கையையும் தூக்கிட்டு, பந்துக்கு அடியில நின்னுச்சே. 'என்து என்து'ன்னு வேற கத்துச்சு. அதனாலதான் நான் ஓடல."

நசீமாவின் கையிலிருந்த முகக்கூண்டு கீழே விழுந்தது. நான் எந்தக் குரலையும் கேட்கவில்லை; அதை இங்கே தெளிவாகப் பதிகிறேன். சாம்பல் மூட்டத்தில், கூச்சலில், பதினைந்து வயதுப் பெண்ணின் கண்ணுக்கும் காதுக்கும் எதுவும் தோன்றலாம். ஆனால் அந்தச் சொல்லை அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மகேஸ் எங்கள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பிடித்துக்கொள்ளத் திரும்பினேன். தேவைப்படவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"புட்ச்சிருக்க மாட்டா மிஸ்," என்றாள். "வுட்டிருப்பா. அதான் பந்து தரைல கெடந்துது."

பிறகு அவள் இடப்புறக் களத்தை நோக்கித் திரும்பி நின்று அழுதாள். நாங்கள் அனைவரும் அவளோடு நின்றோம். கோப்பையை வாங்கிக்கொள்ள இரண்டு முறை அழைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை அமுதா பள்ளிக்கு வந்தார். கையில் பாதியாகக் கிழித்த நோட்டுத் தாள். மகேஸ் எழுதி, அவர் கையெழுத்திட்டது. "பொண்ணு சொல்லிச்சி டீச்சர். அவ வந்து ஆடிட்டுப் பூட்டாளாம். இனிமே அந்த எடத்துல யாராச்சும் நிக்கட்டும்," என்றார். தலைமையாசிரியை அந்த ஒற்றை வரியை மேலிருந்தும் கீழிருந்தும் படித்தார். ஒரு வரியில் கீழிருந்து படிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் படித்தார். பட்டியலில் கஸ்தூரியின் பெயர் மேல் பச்சை மையில் ஒரே ஒரு கோடு இழுத்தார். பெயர் கோட்டுக்குக் கீழேயும் படிக்கும்படி இருந்தது. சுருக்கொப்பம் இட்டு, மூடியைப் போட்டுவிட்டு, எதுவும் பேசாமல் அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒருவரைத் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மாநிலப் போட்டியில் ஜோதி ஏழாம் எண்ணாக நின்றாள். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். பதினொரு பந்துகள் இடப்புறம் போயின. அந்தத் தாளில் விசிறியின் அந்தப் பக்கம் முழுவதும் கோடுகள். நான் அவ்வளவு நிம்மதியாக எந்தத் தோல்வியையும் பதிந்ததில்லை.

ஆகவே, என் பணியில் இருக்கும் அம்மணி, அந்த நான்கு தாள்களிலும் எதுவும் விட்டுப்போகவில்லை. வெள்ளையாக இருப்பதை வெள்ளையாகவே ஏற்றிக்கொள்ளுங்கள். இறுதிப்போட்டியின் கடைசிக் கட்டத்தில் 8–3 என்று இருக்கும். நடுக்களத்திலிருந்து முதல் தளத்துக்கு. அதுதான் சரி.

அதன் அடியில் அழிந்திருக்கும் எண்ணையும் கேட்டீர்கள். பந்து உயர்ந்தபோது நான் தாளைப் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்த்தேன். எல்லாம் முடிந்து குனிந்தபோது, கட்டத்தில் என் கையெழுத்தில் 7 என்று எழுதி வட்டமும் இட்டிருந்தது. நான் எப்போது எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை. களத்தில் வைத்து அதை நான் அழிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், மகேஸ் சொன்னதை எண்ணிப் பார்த்து, அழிப்பானை எடுத்தேன். கஸ்தூரி அந்தப் பந்தைப் பிடிக்கவில்லை அல்லவா.